கரம் பற்றிய நாதம்

எங்கெல்லாம் ஒளிந்து நின்று பாடுகிறாய், என் பெருமானே! மிஸிஸிப்பி மாநதியின் கரையோரச் சிறு வீட்டிலே, தாயை இழந்து நின்ற ஒரு பெண்குழந்தையின் தொண்டைக்குள்ளே; சிகாகோ நகரத்துக் கொடும்பனியிலே, பிறர் வீட்டுத் துணிகளைத் துவைத்துத் துவைத்துச் சிவந்த இரு கரங்களின் களைப்புக்குள்ளே; மதுவும் புகையும் மண்டிய விடுதிகளில் பியானோ வாசித்துப் பிழைத்த ஒருவரின் பிளந்துபோன இருதயத்துக்குள்ளே, அங்கெல்லாம் நீ இருந்தாய்! இருந்து, சிலிர்த்து, நாதமாய்ப் பொங்கி, நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்கு இசைத்தட்டின் வரிப்பள்ளங்களில் இறங்கி, சில்லறைக் காசுக்கு விலைபோய், ஏழைகளின் இல்லந்தோறும் எழுந்தருளினாய்! என்ன சௌலப்யம் இது! அகிலாண்ட கோடிக்கும் அதிபதி ஊசிமுனையில் நின்று பாடிய எளிமையை நான் எந்த வாயால் சொல்வேன்!

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க ஜனங்கள் நாவாரப் பாடித் திரிந்த பாடல்கள் ஆயிரமாயிரம். காதலின் பாடல்கள், நடனத்தின் பாடல்கள், பிரிவின் பாடல்கள். இனியவை அவற்றுள் எத்தனையோ! ஆயினும் அந்தக் கானப் பெருவனத்தின் நடுவே ஓர் ஊற்று இருக்கிறது. காஸ்பெல் என்று அதற்குப் பெயர். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பிறந்து, வானொலியில் ஏறி, இசைத்தட்டில் படிந்து, தேசமெங்கும் பெருகிய அந்தத் தீர்த்தத்தை ஒருமுறை பருகிவிட்டவனுக்கு, மற்ற இசையெல்லாம் அதிலிருந்து பிரிந்தோடும் வாய்க்கால்களாகவே தோன்றும். அந்த ஊற்றின் கண் எது என்று என்னைக் கேட்டால் ஒரு பெயரைத்தான் சொல்வேன். மஹாலியா ஜாக்சன்! அந்த நாமத்தை உச்சரிக்கும்போதே நெஞ்சு நெகிழ்கிறது.

1911-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் அவதரித்தார் அந்த அம்மை. தகப்பனார் துறைமுகத்தில் சுமை தூக்கியவர். ஞாயிறு வந்தால் பிரசங்க பீடம் ஏறியவர். ஐந்து வயதளவில் தாயின் மடி போயிற்று. தாயின் சகோதரி ஒருத்தி கண்டிப்போடு வளர்த்தாள். குழந்தை போய்ப் பாடியது பாப்டிஸ்ட் சபையில். ஆனால் அண்டையில் இருந்ததோ வேறொரு சபை. அங்கே பாடகர் குழு என்று தனியாக ஒன்று இல்லை. கூடியிருந்த அத்தனை பேரும் கைதட்டி, கால் மிதித்து, முரசறைந்து, தம்புரினைக் குலுக்கி, தேகம் முழுவதையும் வாத்தியமாக்கி ஆண்டவனைத் துதித்தார்கள். அடிமைச் சந்தையின் காலத்திலிருந்து வழிவழியாய் வந்த தாளம் அது. சுவரைத் தாண்டி வந்த அந்தத் தாளம் சிறுமியின் குருதிக்குள் புகுந்து குடியமர்ந்துவிட்டது. வீட்டுக்குள்ளே பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் ப்ளூஸ் இசைத்தட்டுகள் வேறு. சபையின் பக்தியும், அண்டையின் ஆவேசமும், ப்ளூஸின் ஆறாத் துயரமும் ஆக மூன்று நதிகள் ஒரு குழந்தையின் கண்டத்தில் வந்து கூடின. சங்கம ஸ்தலத்தைத் தேடிப் புனிதயாத்திரை போகிறோமே, இதோ ஒரு திரிவேணி!

பதினாறு வயதுக்குச் சற்று முன்பின்னாகச் சிகாகோ சென்றார். துணி வெளுத்தார். வீட்டுவேலை செய்தார். ஓய்வு கிடைத்த வேளையெல்லாம் சபையில் பாடினார். 1937-ல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக நான்கு பாடல்கள் பாடினார், விற்கவில்லை. ப்ளூஸ் பாடினால் பொருள் குவியும் என்று எத்தனையோ பேர் எத்தனையோ முறை ஆசை காட்டினார்கள். அந்த அம்மை அசையவில்லை. இந்தக் குரல் எவன் தந்தானோ அவனுக்கே உரியது. அவன் சந்நிதியைத் தவிர வேறு வாசலில் இதை வைக்கமாட்டேன்! எத்தனை எளிய தீர்மானம். எத்தனை கடினமான தவம்! வாடகைக்குப் பணமில்லாத நாட்களிலும் அந்த விரதம் குலையவில்லை.

இனி, அந்தக் குரலுக்குப் பாட்டு எழுதித் தந்த தாமஸ் டார்ஸியின் கதையைச் சொல்ல வேண்டும். சொல்ல நினைக்கும்போதே கண் கலங்குகிறது.

ஜார்ஜியா மாநிலத்தில் 1899-ல் ஒரு போதகரின் மகனாய்ப் பிறந்தவர் அவர். வளர்ந்தபின் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் ப்ளூஸ் உலகில் உலவினார். மா ரெய்னி என்னும் பெரும் பாடகிக்குப் பியானோ வாசித்தார். 1928-ல் டாம்பா ரெட் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட உல்லாசப் பாட்டு ஒன்று அமோகமாய் விற்றது. ஆனாலும் உள்ளே ஒரு கரம் அவரைப் பற்றி இழுத்துக்கொண்டே இருந்தது. தேவனைப் பாடும் பாடல்களை ப்ளூஸின் மெட்டுக்குழைவோடு எழுதத் தொடங்கினார். ஆசாரம் மிகுந்த சபைகள் முகம் சுளித்தன. விடுதியின் வாசனை வீசுகிறதென்று வெளியே அனுப்பின. அவர் விடவில்லை.

1932 ஆகஸ்ட் மாதம். செயின்ட் லூயிஸ் நகரில் ஓர் எழுப்புதல் கூட்டத்தில் பாடப் போயிருக்கிறார் டார்ஸி. சிகாகோவில் நிறைமாத கர்ப்பிணியாய் மனைவி நெட்டி. கூட்டத்தின் நடுவிலேயே தந்தி வருகிறது. பிரசவத்தில் மனைவி மறைந்தாள்! பதறித் திரும்புகிறார். பிறந்த ஆண்குழந்தையையாவது கண்டு தேறலாம் என்ற ஆசையும் நிலைக்கவில்லை. சிறுபொழுதில் அந்தச் சிசுவும் கண்மூடியது. தாயையும் மகவையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள்.

உன் பாட்டை எழுதியவனுக்கா இது, பிரபுவே! பழைய விடுதிகளுக்கே திரும்பிவிடலாமென்று அவர் எண்ணினார். எண்ணியதில் என்ன வியப்பு? எண்ணாமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால், கைவிட்டவனைப் போலத் தோன்றிய அந்தக் கருணாமூர்த்தி எங்கே போயிருந்தான்? எங்கும் போகவில்லை. சில நாள் கழித்து, நண்பர் தியோடர் ஃப்ரை துணையிருக்க, ஆளரவமற்ற ஓர் அறையில் இருந்த பியானோவின் முன்னே டார்ஸி உட்கார்ந்தார். விரல்கள் தாமாக ஒரு பழைய துதிப்பாடலின் மெட்டைத் தடவின. தடவத் தடவ மெட்டு உருகிற்று. உருகிய மெட்டுக்குள் சொற்கள் ஒவ்வொன்றாய் வந்து விழுந்தன. ‘பிரெஷஸ் லார்ட்’ பிறந்தது! களைத்துப்போனேன், நடக்க வலுவில்லை, இருட்டில் வழி தெரியவில்லை, என் கையைப் பிடித்துக்கொள் என்பதே அதன் சாரம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஏன் எடுத்தாய் என்ற கேள்வி இல்லை, திருப்பித் தா என்ற முறையீடு இல்லை, வரம்கூடக் கேட்கவில்லை. கை! பிடித்துக்கொள்ள ஒரு கை! வேதாந்த சாகரத்தையெல்லாம் கடைந்து எடுத்தாலும் இதைக் காட்டிலும் சுத்தமான சரணாகதி வேறு கிடைக்குமா?

சிகாகோவின் ஒரு தேவாலயத்தில் ஃப்ரை பாட, டார்ஸி வாசிக்க, அது முதல்முறை ஒலித்தபோது சபையே கதறியெழுந்தது. ஆம், எழாமல் எப்படி இருக்கும்? அங்கே அமர்ந்திருந்தவர்களில் யாருக்கு அன்று அந்தக் கை தேவைப்படவில்லை?

மஹாலியாவும் டார்ஸியும் சந்தித்தது தெய்வசங்கற்பம். தெருமுனைகளில் நின்று மஹாலியா பாடுவார். டார்ஸி அச்சிட்ட பாட்டுத்தாள்களை விற்பார். பின்னாளில் உலகம் வணங்கிய இரு மேதைகள் தெருவோரத்தில் நின்று காசுக்குப் பாட்டுத்தாள் விற்றார்கள் என்பதை நினைக்கும்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

1956-ஆம் ஆண்டில் மஹாலியா ‘பிரெஷஸ் லார்ட்’ பாடிய பதிவை நான் கேட்ட இரவை எப்படி எழுதுவேன்! மில்ட்ரட் ஃபால்ஸின் பியானோ மெல்லப் படி அமைக்கிறது. ஆர்கன் அதன்மேல் விரிப்பு விரிக்கிறது. பிறகு அந்தக் குரல் அடியெடுத்து வைக்கிறது. தாளம் எங்கே? காணோம். காலமே காணோம்! ஒவ்வொரு சொல்லையும் அந்த அம்மை இரு கையாலும் ஏந்தி, முத்தமிட்டு, நெஞ்சோடு அணைத்து, விட மனமில்லாமல் விடுகிறார். ஒரே அசையில் ஏழெட்டு ஸ்வரங்கள் நெளிந்து இறங்குகின்றன. நம் கமகம் அறிந்த காதுக்கு அது புதுமையே அல்ல, ஜன்மாந்தர பந்தம்! அவர் மூச்சு வாங்குவதும் கேட்கிறது. அந்த மூச்சில்தான் நான் உடைந்தேன். பாட்டில் உருகியவர் பலர் இருக்கலாம். எனக்கோ வரிக்கும் வரிக்கும் இடையே அவர் இழுத்த அந்த உயிர்மூச்சில் பெருமானே உள்ளே போய் உள்ளிருந்து வெளியே வந்தான்! அதன்பின் கேட்பவன் யார், பாடுபவர் யார்? அறை இல்லை. தேசம் இல்லை. பாஷை இல்லை. எனது என்று நான் இத்தனை காலம் கட்டிக் காத்த துயரங்கள், மானங்கள், கணக்குகள், வழக்குகள் அத்தனையும் வெல்லக்கட்டி வெந்நீரில் விழுந்ததுபோல் கரைந்தன. மிஞ்சியது நீட்டிய ஒரு கை. அதைப் பற்றியிருந்தது இன்னொரு கை. ஐயனே! ஐயனே! உன் கையின் சூடு எனக்குத் தெரிந்தது!

உருக்கம் ஒருபுறம் என்றால் ஆனந்த தாண்டவம் மறுபுறம். மெம்ஃபிஸ் நகரத்துப் போதகர் ஹெர்பர்ட் ப்ரூஸ்டர் இயற்றிய ‘மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்’ என்ற பாடலை 1947-ல் அப்போலோ நிறுவனத்துக்காக மஹாலியா பாடினார். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. பாதியில் தட்டைத் திருப்பிப் போட்டுத்தான் மீதியைக் கேட்க வேண்டும். விண்ணகத்தின் படிகளில் ஓர் ஆத்மா ஏறுகிறது. சுமந்த பாரத்தை இறக்கி வைக்கிறது. பழைய தீர்க்கதரிசிகளை ஒவ்வொருவராய்ச் சந்திக்கிறது. இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படி! அங்கே உற்றாரோடு தாயும் காத்திருக்கிறாள். ஐந்து வயதில் தாயை இழந்த மகள் அதைப் பாடும்போது குரல் ஆகாயத்தில் தாவுகிறது; அழுகை இல்லை, ஆரவாரம்! அந்தத் தட்டு லட்சக்கணக்கில் விற்றது. கடைகளில் இருப்பு தீர்ந்து தீர்ந்து மீண்டும் அச்சாயிற்று. படியேறவிடாமல் தடுக்கப்பட்டிருந்த ஓர் இனம், பேருந்தின் பின்னிருக்கைக்குத் தள்ளப்பட்டிருந்த ஓர் இனம், இந்தப் பாட்டில் ஏறிற்று. அதைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் முடியவில்லை. 1950 அக்டோபரில் நியூயார்க்கின் கார்னகி இசைமண்டபம் மஹாலியாவுக்காகக் கதவு திறந்தது.

அக்காலத்து இசை முழுவதும் இந்த ஜோதியின் கதிர்கள் பட்டுத் தெறித்தன. மின்கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தேவனைப் பாடினார் சிஸ்டர் ரோசெட்டா தார்ப். பிற்காலத்து ராக் இசைக்காரர்கள் அந்த விரல்களிடம்தான் பாடம் படித்தார்கள். டார்ஸி மஹாலியாவுக்காக எழுதிய ‘பீஸ் இன் தி வேலி’ என்ற சமாதானப் பாடலை 1957 ஜனவரியில் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எல்விஸ் பிரெஸ்லி பாடினார். ஹங்கேரி நாட்டு அகதிகளுக்கு உதவி கேட்டபடி, இடுப்பசைவெல்லாம் அடங்கி, பணிந்து நின்று பாடினார். அந்தப் பணிவு மெய்யானது, கேட்டால் தெரியும். சோல் ஸ்டிரர்ஸ் குழுவில் ஆண்டவனைக் கொஞ்சிக் கொஞ்சிப் பாடிய சாம் குக், அதே 1957-ல் காதல் பாட்டுக்குப் போய் நாடெங்கும் முதலிடம் பெற்றார். சபையார் பலர் மனம் வருந்தினார்கள். எனக்கு வருத்தமில்லை. அந்தக் குரல் எந்தப் பெண்ணை அழைத்தாலும், அழைப்பின் அடியில் கேட்பது அவன் கோயில் மணியோசைதான்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1954-ல் மஹாலியா கொலம்பியா நிறுவனத்துக்குச் சென்றபின், அவர் குரலைச் சுற்றிப் பெரிய பெரிய வயலின் வரிசைகளையும் கோரஸ்களையும் அடுக்கினார்கள். ஜோடனை அழகுதான். ஆனால் மூலவரைத் தரிசிக்க வந்தவனுக்கு அலங்காரம் கண்ணை மறைக்கக்கூடாது. அவருக்குத் தேவை ஒரு பியானோ, ஓர் ஆர்கன், கைதட்ட நாலு ஜோடிக் கைகள். மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.

1958, நியூபோர்ட் ஜாஸ் விழா. சனிக்கிழமை இரவு கடந்து ஞாயிறு பிறந்துவிட்ட வேளை. ஜாஸ் கேட்டுக் களிக்க வந்த கூட்டம். முழுநாளும் ஆடிக் களைத்த கூட்டம். மேடையில் வந்து நின்றார் அந்த அம்மை. ‘ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே’ என்ற ஆவணப்படம் அந்தக் காட்சியைக் காத்து வைத்திருக்கிறது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தை அவர் பாடப் பாட, அந்தத் திறந்த வெளி கர்ப்பக்கிருஹமாகிறது. முகங்களைப் பாருங்கள்! சிரித்துக்கொண்டிருந்தவர்களின் உதடுகள் மூடிக்கொள்கின்றன; கண்கள் எங்கோ நிலைகுத்துகின்றன. விழாவுக்கு வந்தார்கள், தரிசனம் பெற்றுத் திரும்பினார்கள்!

புகழ் வந்தபின்னும் சோதனை ஓயவில்லை. தென்மாநிலங்களில் கச்சேரிக்குப் போகும் வழியில் உணவும் அறையும் மறுக்கப்பட்டு, காரிலேயே உறங்கிய இரவுகள் உண்டு. சிகாகோவில் வெள்ளையர் வாழ்ந்த பகுதியில் வீடு வாங்கியதற்காக அந்த வீட்டின் ஜன்னல்களைத் துப்பாக்கியால் சுட்டார்கள். அவர் பாட்டில் கசப்பு ஏறிற்றா? ஒரு துளியேனும்? தேடித் தேடிப் பார்க்கிறேன். இல்லவே இல்லை! அந்தக் கண்டத்தில் விஷம் தங்கவில்லை, அமுதமே ஊறிற்று.

1963 ஆகஸ்ட் 28. வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன்னே, உரிமை கேட்டுத் திரண்ட சுமார் இரண்டரை லட்சம் ஜனங்கள். அடிமைகளின் காலத்துப் பழம்பாட்டொன்றைப் பாடி அந்த மக்கட்கடலை அலையடிக்க வைத்தார் மஹாலியா. பின்னர் மார்ட்டின் லூதர் கிங் பேசிக்கொண்டிருக்கையில், அருகிலிருந்த மஹாலியா, கனவைப் பற்றிச் சொல்லும்படி குரல் கொடுத்தாரென்று மேடையில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எழுதி வைத்த தாளை விட்டுவிட்டு கிங் கனவைச் சொல்லத் தொடங்கினார். சபையில் போதகர் பேசும்போது பக்கத்திலிருந்து எழும் குரல் அது. அவன் பேசச் சொன்னான், அவர் பேசினார்.

1968 ஏப்ரல் 4. மெம்ஃபிஸ் நகரில் விடுதியின் மாடத்தில் நின்றுகொண்டு, கீழே நின்ற இசைக்கலைஞர் பென் பிராஞ்சிடம் கிங் கேட்டுக்கொண்டார்: இன்றிரவுக் கூட்டத்தில் ‘பிரெஷஸ் லார்ட்’ வாசியுங்கள், மிக அழகாக வாசியுங்கள் என்று. சற்றைக்கெல்லாம் குண்டு பாய்ந்தது. கை கேட்ட கணத்திலேயே கை வந்துவிட்டதே, கருணைக்கடலே! ஐந்து நாள் கழித்து அட்லாண்டாவில் நடந்த இறுதிச் சடங்கில் மஹாலியா அந்தப் பாடலைப் பாடினார். மனைவியையும் மகவையும் புதைத்தவரின் விரலில் பிறந்த பாட்டு, ஒரு தேசத்தின் துக்கத்தைத் தூக்கிச் சுமந்தது.

1971-ல் அந்த அம்மை பாரத பூமிக்கு வந்தார். கல்கத்தாவிலும் டெல்லியிலும் பம்பாயிலும் பாடினார். நம் சென்னையிலும் பாடினார்! பிரதமர் இந்திரா காந்தி நேரில் அமர்ந்து கேட்டார். பக்தர் பெருமக்கள் பாடிப் பாடிப் பதப்படுத்திய இந்த மண்ணில் அந்தக் குரலும் ஒருநாள் விழுந்திருக்கிறது. அந்த அரங்கில் இருக்கும் பேறு பெற்றவர்களின் திருவடிகளைத் தேடிப் போய் வணங்கலாம். மறு வருஷம் ஜனவரி 27-ஆம் தேதி, அறுபதாவது வயதில், பாடுவித்தவனிடமே போய்ச் சேர்ந்தார். சிகாகோவில் நடந்த வழியனுப்பில் அரீத்தா ஃப்ராங்க்ளின் பாடினார். என்ன பாடினார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? அதே பாட்டு! அதே கை!

அன்பர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். 1946 முதல் 1954 வரை அப்போலோ நிறுவனத்துக்காக மஹாலியா பாடியவற்றிலிருந்து தொடங்குங்கள். அதன்பின் ‘பிரெஷஸ் லார்ட்’ கேளுங்கள். ஆங்கிலம் விளங்கவில்லையென்று தயங்காதீர்கள். வேலை செய்துகொண்டே கேட்காதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள். கண்ணீர் வந்தால் துடைக்காதீர்கள். வீட்டார் என்னவென்று கேட்டால், பெருமான் வந்திருக்கிறான், வந்து உட்காருங்கள் என்று அவர்களையும் அழையுங்கள்.